தொலைக்கணினி யாருடைய கட்டளைக்குப் பணியும்?

ரொறன்ரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இயங்கிக்கொண்டிருக்கும் கணினியின் வட்டிலே கிடக்கும் கோப்பொன்றைப் பாரிசில் இருந்தவாறே ஒரேயொரு வரிக் கட்டளையினால் எடுத்துப் படிக்கலாம். அக்கணினியோடு பிணைந்துள்ள அச்சுப்பொறியை இங்கிருந்து இயக்கி அங்கே தாளில் அச்சிடச் செய்யலாம். அதன் ஒளிப்படக்கருவியைத் திறந்து அந்த அறையையே பார்க்கலாம். மந்திரம் எதுவும் இதில் இல்லை. 1969 ஆம் ஆண்டு தொடங்கி வளர்ந்துவந்த ஒரு தொழில்நுட்பத்தின் சாதாரண பயன்பாடே இது. ஆயினும் கட்டளையிடுபவர் அக்கணினிக்கு உரியவர்தானா என்பதை அந்தப் பொறி எங்ஙனம் அறிந்துகொள்கிறது என்ற கேள்விக்கு ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் முற்றான விடை கிடைத்துவிடவில்லை. கிடைத்த விடைகள் எவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகப் பொய்த்துப்போயின என்பதையும், அதனால் எம்மைப் போன்ற குடும்பங்களுக்கு வரக்கூடிய இடர் யாது என்பதையும் இங்கு நோக்க முற்படுகிறோம்.

இது கணினி வல்லுநருக்கு மாத்திரம் உரிய விடயமன்று. அகதி விண்ணப்பத்துக்காக அளித்த வாக்குமூலம், சட்டத்தரணிக்கு அனுப்பிய கடிதங்கள், கிராம சேவகர் கையொப்பமிட்ட உறுதிக் கடிதம், பிறப்புச் சான்றிதழின் பிரதி, ஊரில் விட்டுவந்தவர்களின் முகவரிகள், காணாமற் போனவர்களின் புகைப்படங்கள் ஆகியன முன்னர் ஒரு பொலித்தீன் பையில் சுற்றப்பட்டுப் பெட்டியின் அடியிலே கிடந்தன. இன்று அவை கணினியின் வட்டில் கிடக்கின்றன. பையைத் திருடுபவன் வீட்டுக்குள் நுழையவேண்டும். வட்டைப் படிப்பவன் அந்த நாட்டுக்குள்ளேயே வரவேண்டியதில்லை.

முதலில் சென்ற சொல்

1969 ஒக்டோபர் 29 ஆம் நாள் இரவு 10.30 மணியளவில், லொஸ் ஏஞ்சலிசில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்னும் மாணவர், அதே மாநிலத்தின் வடக்கே மென்லோ பார்க்கில் அமைந்த ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினிக்குள் நுழைய முயன்றார். மறுமுனையில் பில் டுவால் என்பவர் தொலைபேசியைக் காதில் வைத்தபடி காத்திருந்தார். நுழைவதற்கான கட்டளை 'லொகின்' என்னும் ஐந்து ஆங்கில எழுத்துக்கள். 'எல்' போய்ச் சேர்ந்தது. 'ஓ' போய்ச் சேர்ந்தது. 'ஜீ'யைத் தட்டியதும் மறுமுனைக் கணினி நிலைகுலைந்தது. முதல் மூன்று எழுத்துக்களைக் கண்டதும் எஞ்சியவற்றைத் தானாகவே நிரப்பித் திருப்பி அனுப்பும் வசதி அக்கணினியில் இருந்தது. ஒவ்வொன்றாக எழுத்து வரும் என்று எழுதப்பட்டிருந்த நிரலில் அதற்குப் போதிய இடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் பிழை திருத்தப்பட்டு அன்றிரவே நுழைவு கைகூடிற்று.

இன்றைய இணையத்தின் மூதாதையான ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பில் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது வாழ்த்துமன்று, செய்தியுமன்று. உள்ளே வர அனுமதி கேட்கும் கட்டளையே அது என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். ஒரு நகரத்திலுள்ள விலையுயர்ந்த கணினியை வேறு நகரத்து ஆய்வாளரும் பயன்படுத்தவேண்டும் என்பது அவ்வலையமைப்பை அமைத்தவர்களின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. அதே ஆண்டிலே 'ரெல்நெற்' என்னும் தொலைநுழைவு முறை உருப்பெறத் தொடங்கிற்று. 1971 ஏப்ரலில் கோப்புக்களைக் கொண்டுசெல்வதற்கான 'எவ்.ரீ.பீ.' நெறிமுறையின் முதல் வரைவு வெளிவந்தது. அதனை எழுதியவர் அலகாபாத்திலே பிறந்து கான்பூர் ஐ.ஐ.ரி.யில் பயின்று, அப்போது அமெரிக்காவின் எம்.ஐ.ரி.யில் இருந்த அபய் பூஷண் ஆவார்.

இவ்விரு முறைகளும் பயனரின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டன. ஆனால் அக்கடவுச்சொல் எவ்வித மறைப்பும் இன்றி, தபாலட்டையில் எழுதிய செய்தி போல, வழியிலுள்ள கம்பிகள் அனைத்தையும் கடந்து சென்றது. வலையமைப்பில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த சிலநூறு ஆய்வாளர்களாக இருந்தவரை அது எவர்க்கும் பெரிய குறையாகத் தோன்றவில்லை.

இன்னார் வீட்டுப் பிள்ளை

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் 1969 இல் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமை ஒரு புதிய வசதியைக் கொண்டுவந்தது. அதிலே வட்டு, அச்சுப்பொறி, நாடாப்பொறி, விசைப்பலகை ஆகிய கருவிகளும் கோப்புக்களைப் போலவே பெயர் பெற்று, 'டெவ்' என்னும் ஓர் அடைவில் வரிசையாக இருந்தன. கோப்பிலே எழுதத் தெரிந்த நிரல் நாடாவிலும் எழுதும். (அக்காலத் தட்டச்சு முனையங்கள் மெதுவானவை, விசைகளும் கடினமானவை. அதனாலேயே யுனிக்ஸ் கட்டளைகள் பலவும் இரண்டு எழுத்துக்களில் முடிகின்றன. சோம்பலால் என்று எண்ணுவோர் அம்முனையம் ஒன்றில் அரைமணி நேரம் தட்டிப் பார்த்தால் தெரியும்.)

1983 இல் பேர்க்கிலி நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட யுனிக்ஸ் பதிப்பில், தொலைக்கணினிக்குள் நுழைவதற்கு ஒன்று, அங்கே கட்டளையை இயக்குவதற்கு ஒன்று, கோப்பைப் பிரதியெடுப்பதற்கு ஒன்று என மூன்று கட்டளைகள் இருந்தன. 'தொலை' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தான 'ஆர்' அவை மூன்றுக்கும் முன்னே நின்றது. இவற்றைக் கொண்டு செய்த வேலைகளுள் ஒன்றை விளக்கினாலே அதன் வலிமை புரியும். நாடாப்பொறி விலையுயர்ந்தது. ஒரு திணைக்களத்தில் பத்துக் கணினிகள் இருந்தால் ஒன்றிலேதான் அது இருக்கும். மற்ற ஒன்பது கணினிகளில் பணிபுரிவோர் தத்தம் கோப்புக்களை ஒரு பொதியாகக் கட்டி, அப்பொதியை 'குழாய்' எனப்படும் குறியீட்டின் வழியே அடுத்த கட்டளைக்குள் ஊற்றுவர். அந்த இரண்டாவது கட்டளை தொலைக்கணினியிலே இயங்கி, வந்ததை அப்படியே நாடாப்பொறியின் பெயர்கொண்ட கோப்பில் எழுதிவிடும். ஒரே வரி. இடப்பக்கம் இந்தக் கணினி, வலப்பக்கம் அந்தக் கணினி, முடிவில் வேறொரு கட்டடத்தில் சுழலும் நாடா.

இங்கே கடவுச்சொல் கேட்கப்படவில்லை என்பதே வசதி. எமது ஊர்களில் முன்பின் அறியாத இளைஞன் ஒருவன் படலையைத் திறந்துகொண்டு வந்து 'நான் இன்னார் வீட்டுப் பிள்ளை' என்றால் திண்ணையில் இருத்தித் தேநீர் கொடுப்பது வழக்கம். 'ஆர்' கட்டளைகளும் அவ்வழக்கத்தையே பின்பற்றின. நம்பத்தக்க கணினிகளின் பட்டியல் ஒரு கோப்பில் இருக்கும். அப்பட்டியலில் உள்ள கணினி 'இவர் என் பயனர், பெயர் இன்னது' என்று சொன்னால் அதுவே போதும். அவ்வாறு சொல்லும் அதிகாரம் அக்கணினியின் நிருவாகிக்கு மட்டுமே உண்டு என்ற எண்ணத்தில் முறை அமைந்திருந்தது. கணினி என்பது பூட்டிய அறையில் இருக்கும் பெரும்பொறியாகவும் நிருவாகி என்பவர் சம்பளம் பெறும் அலுவலராகவும் இருந்தவரை அது சரி. மேசைதோறும் சிறு கணினி வந்து, ஒவ்வொருவரும் தத்தம் கணினிக்கு நிருவாகியானதும் 'இன்னார் வீட்டுப் பிள்ளை' என்று யாரும் சொல்லிக்கொள்ளலாம் என்றாயிற்று.

சண் நிறுவனம் 1984 இல் கொண்டுவந்த 'என்.எவ்.எஸ்.' என்னும் முறை தொலைக்கணினியின் அடைவு முழுவதையும் உள்ளூர் அடைவு போலவே தோன்றச் செய்தது. அதுவும் தொடக்கத்தில் பயனரின் இலக்கத்தை அவரது கணினி சொன்னபடியே நம்பிற்று. கருவிகளைப் பொறுத்தவரை அது கைவிரித்தது. தொலை அடைவிலுள்ள நாடாப்பொறியின் பெயரைத் திறந்தால் திறப்பது உமது கணினியின் கருவியையே. ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் 1980 களின் பின்பாதியில் வெளியிட்ட 'ஆர்.எவ்.எஸ்.' கருவிகளையும் பகிர்ந்தது. ஆனால் சந்தையில் என்.எவ்.எஸ். வென்றது. பெல் ஆய்வுகூடத்தினர் பின்னர் 'பிளான் நைன்' என்னும் முறைமையில் இவ்வெண்ணத்தை இறுதிவரை கொண்டுசென்றனர். 1992 இல் பல்கலைக்கழகங்களுக்கு அளிக்கப்பட்ட அதில் திரை, சுட்டி, வலையமைப்புக் கூடக் கோப்புக்களே. வேறொரு கணினியின் வலையமைப்பைக் கட்டளை ஒன்றினால் இரவல் வாங்கலாம். அம்முறைமை பரவவில்லை. எனினும் அதன் நெறிமுறை அழியவில்லை. 2019 முதல் வின்டோசுக்குள் இயங்கும் லினக்சின் கோப்புக்களை வின்டோஸ் பார்ப்பது அந்நெறிமுறையைக் கொண்டுதான்.

எழுபத்தைந்து சதம்

1986 இல் கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்கிலி ஆய்வுகூடத்தில் கணினிக் கட்டணக் கணக்கில் 75 சதம் இடித்தது. வானியலாளரான கிளிபோர்ட் ஸ்ரோல் அதன் காரணத்தைத் தேடுமாறு பணிக்கப்பட்டார். தொலைபேசி வழியாக நுழையும் இணைப்புக்களில் அவர் இரவல் வாங்கிய அச்சுப்பொறிகளைப் பொருத்தினார். முன்பின் அறியாத ஒருவர் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் தாளில் விழுந்தது. அந்த ஆள் அங்கிருந்து அமெரிக்க இராணுவ வலையமைப்பின் கணினிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 450 கணினிகளை முயன்று 30 இற்கு மேற்பட்டவற்றில் நுழைந்ததாக ஸ்ரோல் பின்னர் எழுதினார். அரிய தந்திரங்கள் பெரும்பாலும் தேவைப்படவில்லை. 'விருந்தினர்' என்ற பெயரும், தயாரித்த நிறுவனமே இட்டு மாற்றப்படாமற் கிடந்த கடவுச்சொற்களும் போதுமாயிருந்தன. தடம் ஜேர்மனியின் ஹனோவர் நகரில் மார்க்குஸ் ஹெஸ் என்பவரிடம் முடிந்தது. எடுத்த தகவல்கள் சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.க்கு விற்கப்பட்டிருந்தன. 1990 இல் அவருக்கும் கூட்டாளிகளுக்கும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இடையிலே, 1988 நவம்பர் 2 ஆம் நாள், கோர்னெல் பல்கலைக்கழக மாணவரான றொபேட் ரப்பன் மொறிஸ் தானாகப் பரவும் நிரலொன்றை வலையமைப்பில் விட்டார். மின்னஞ்சல் நிரலின் ஓட்டை, பயனர் விபரம் கூறும் நிரலின் ஓட்டை, இலகுவில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்கள் ஆகியவற்றோடு நாம் மேலே கூறிய 'இன்னார் வீட்டுப் பிள்ளை' நம்பிக்கையையும் அது பயன்படுத்திற்று. ஒரு கணினியைப் பிடித்தால் அக்கணினியை நம்பிய கணினிகளுக்கு வழி திறந்துவிடும். ஏறத்தாழ 6,000 கணினிகள் முடங்கின என்பது அன்றைய மதிப்பீடு. இவரது தந்தையார் யுனிக்ஸ் கடவுச்சொற்களின் பாதுகாப்பைப் பற்றி ஆய்வு எழுதியவர் என்பதையும், அப்போது அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு நிலையத்தில் தலைமை விஞ்ஞானியாக இருந்தார் என்பதையும் பத்திரிகைகள் விடாது எழுதின.

ஹெல்சிங்கியில் ஒரு பூட்டு

1995 இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்கும் நிரலொன்றை வைத்துக் கடவுச்சொற்களைத் திரட்டியிருந்தது கண்டறியப்பட்டது. கம்பியில் மறைப்பின்றிச் சென்றவற்றை வழியில் நின்று பொறுக்குவது அவ்வளவு எளிது. அங்கு பணியாற்றிய ததூ இலோனென் என்பவர் இதற்கு மாற்றாக எழுதியதே 'எஸ்.எஸ்.எச்.' எனப்படும் பாதுகாப்பான தொலைக்கட்டளை முறை. எவ்.ரீ.பீ. 21 ஆம் இலக்க வாயிலையும் ரெல்நெற் 23 ஆம் இலக்க வாயிலையும் பயன்படுத்தின. நடுவே வெறுமையாயிருந்த 22 ஐ அவர் கேட்டார், ஒரே நாளில் கிடைத்தது. யூலை மாதம் இலவசமாக வெளியிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் ஏறத்தாழ 20,000 பேர் அதனைப் பயன்படுத்தினர்.

இதன் இயக்கத்தைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். முதலாவதாக, இரு கணினிகளும் பேசத் தொடங்கும்போதே தமக்குள் ஓர் இரகசியத்தை ஏற்படுத்திக்கொண்டு, அதன்பின் செல்லும் ஒவ்வொரு எழுத்தையும் அதனால் மறைத்துவிடுகின்றன. வழியில் நிற்பவனுக்குக் கிடைப்பது குப்பை. இரண்டாவதாக, கடவுச்சொல்லுக்குப் பதில் ஓர் இணைச் சாவியைப் பயன்படுத்தலாம். அதனை ஒரு பூட்டாகவும் திறப்பாகவும் எண்ணிக்கொள்வோம். பூட்டை எத்தனை கணினிகளிலும் தொங்கவிடலாம், யார் பார்த்தாலும் கெடுதியில்லை. திறப்பு உமது கணினியை விட்டு வெளியே செல்வதேயில்லை. தொலைக்கணினி ஒரு புதிரை அனுப்பும். திறப்பு உள்ளவரால் மட்டுமே அதற்கு விடை சொல்ல இயலும். திறப்பைக் காட்டாமலே திறப்பு கையில் உண்டென்று நிறுவும் இவ்வழியிலே, திருடுவதற்குக் கம்பியில் எதுவும் ஓடுவதில்லை.

மூன்றாவது கூறு பலராலும் மதிக்கப்படாதது. இதுவரை கூறிய முறைகள் யாவும் 'வருபவர் யார்?' என்று மட்டுமே கேட்டன. எஸ்.எஸ்.எச். 'நீர் போய்ச் சேர்ந்த இடம் எது?' என்பதையும் கேட்கிறது. ஒரு கணினியுடன் முதன்முறை தொடர்புகொள்ளும்போது அதன் கைரேகை போன்ற ஒரு தொடரைத் திரையிற் காட்டி, 'இக்கணினி உண்மையானதென்று உறுதிசெய்ய முடியவில்லை, தொடரவா?' என வினவுகிறது. அந்தத் தொடரை முன்னரே தொலைபேசியிலோ கடிதத்திலோ பெற்று ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பது ஏற்பாடு. உலகெங்கும் மக்கள் செய்வதோ 'ஆம்' என்று தட்டிவிட்டுப் போவதுதான். இலோனெனின் கணிதத்தில் இதுவரை கண்ட குறைகளைக் காட்டிலும் இந்த ஒரு 'ஆம்' பெரிய ஓட்டை என்பது எமது எண்ணம். 1999 இல் ஓப்பின் பி.எஸ்.டி. குழுவினர் இதன் கட்டற்ற வடிவத்தை வெளியிட்டனர். இன்று லினக்ஸ், மக்கின்ரொஷ் கணினிகளில் இருப்பது அதுவே. 2018 முதல் வின்டோஸ் 10 இலும் அது உடன்வருகிறது.

ரெல்நெற் அதன்பின்னும் சாகவில்லை. மலிவான கண்காணிப்புக் கமராக்களிலும் பிற சிறு கருவிகளிலும் அது திறந்தே கிடந்தது. 2016 இல் 'மிராய்' என்னும் நிரல் ஏறத்தாழ அறுபது தொழிற்சாலைக் கடவுச்சொற்களை மாறி மாறி முயன்று இலட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றிற்று. அவ்வாண்டு நவம்பரில் அதன் வழித்தோன்றல் ஒன்று வேறொரு வாயில் வழியாகத் தாக்கியபோது ஜேர்மனியில் டொய்ச் ரெலிகொம் வாடிக்கையாளர் ஏறத்தாழ 9 இலட்சம் பேரின் இணைப்பு தடைப்பட்டது.

வின்டோசின் பக்கம்

எம்மவரின் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது வின்டோஸ் என்பதால் அதன் வழியையும் கூறவேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தில் பரி பைகன்போம் என்பவர் 1983 அளவில் வகுத்த 'எஸ்.எம்.பி.' என்னும் முறையை மைக்ரோசொப்ட் ஏற்று விரித்தது. 'நெற் யூஸ்' என்னும் கட்டளையால் தொலைக்கணினியின் கோப்புறை ஒன்றுக்கு உள்ளூர் வட்டின் எழுத்தொன்றைச் சூட்டலாம். அதன்பின் பழைய நிரல்களும் அதனை உள்வட்டென்றே எண்ணி வேலைசெய்யும். அதே கட்டளையால் 'எல்.பி.ரி. ஒன்று' என்ற அச்சுவாயிலையும் தொலை அச்சுப்பொறிக்குத் திருப்பலாம். வலையமைப்பு என்ற ஒன்று இருப்பதையே அறியாத பழைய டொஸ் கணக்குநிரல், பக்கத்தில் அச்சிடுவதாக எண்ணி மூன்றாம் மாடியில் அச்சிட்டுக்கொண்டிருக்கும். அவுஸ்திரேலியாவின் கன்பராவில் ஆய்வு மாணவராயிருந்த அன்ட்ரூ டிரிஜெல் அம்முறையை யுனிக்ஸ் கணினிக்கு 1991-92 இல் எழுதினார். எஸ், எம், பி ஆகிய எழுத்துக்கள் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடி அதற்கு 'சம்பா' எனப் பெயர் வைத்தார்.

வின்டோஸ் என்.ரி. தொட்டு ஒவ்வொரு வட்டும் ஒரு மறைவுப் பெயரில் நிருவாகிக்குப் பகிரப்பட்டிருக்கிறது. 'சீ' என்ற எழுத்தோடு டொலர்க் குறி சேர்த்தால் அதுவே அப்பெயர். பட்டியலில் தோன்றாது, ஆனால் நிருவாகியின் கடவுச்சொல் தெரிந்தவர்க்கு வட்டு முழுவதும் கிடைக்கும். அலுவலகங்களில் இது பெரும் உதவி. ஒரே நிருவாகக் கடவுச்சொல்லை ஐந்நூறு கணினிகளுக்கும் இட்டுவைத்த அலுவலகங்களில் அழிவும் இதன் வழியே வந்தது.

2017 மார்ச் 14 ஆம் நாள் இம்முறையிலிருந்த ஒரு பெரும் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் வெளியிட்டது. ஒரு மாதத்தின் பின் அவ்வோட்டையைப் பயன்படுத்தும் கருவி பகிரங்கமாயிற்று. மே 12 ஆம் நாள் 'வன்னாகிறை' பரவியது. கோப்புக்களைப் பூட்டிவிட்டு 300 டொலர் கப்பம் கேட்டது. திருத்தத்தை இடாத கணினிகளுக்கு அது கடவுச்சொல்லே இன்றி நுழைந்தது. இங்கிலாந்தில் மருத்துவ சேவை அமைப்புக்களில் மூன்றிலொரு பங்கு பாதிக்கப்பட்டு, 19,000 இற்கு மேற்பட்ட நோயாளர் சந்திப்புக்கள் கைவிடப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. பிரான்சில் ரெனோல்ட் தொழிற்சாலைகள் சில உற்பத்தியை நிறுத்தின. ஜேர்மன் புகையிரத நிலைய அறிவிப்புத் திரைகளில் கப்பக் கடிதம் தோன்றிற்று.

தொலைபேசியில் ஒரு குரல்

பூட்டுக்கள் வலுத்ததும் திருடர் வேறுவழி தேடினர். வீட்டுக்காரரைக் கொண்டே கதவைத் திறப்பிப்பது அவ்வழி. எமது முதியோர் மிகுதியும் அகப்படக்கூடிய இடம் இதுவே என்பதனால் சற்று நின்று பார்ப்போம்.

தொலைபேசி ஒலிக்கிறது. கணினி நிறுவனத்திலிருந்து பேசுவதாகவும், உங்கள் கணினியில் கிருமி இருப்பதாகவும் ஒருவர் கூறுகிறார். நம்பாவிட்டால் நிரூபிக்க முன்வருகிறார். கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'அசொக்' என்று தட்டச் சொல்கிறார். நீண்ட பட்டியலின் இறுதியில் 888 என்று தொடங்கும் எண்ணும் எழுத்தும் கலந்த தொடர் நிற்கும். 'இது உங்கள் கணினியின் தனி உரிம இலக்கம், நான் வாசிக்கிறேன், சரிபாருங்கள்' என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறார். ஒரெழுத்தும் பிசகாது. கேட்பவர் நம்பிவிடுகிறார். உண்மையில் அத்தொடர் கோப்புக்களைச் சுருக்கி அனுப்பும் ஒரு வசதிக்கு மைக்ரோசொப்ட் இட்ட குறியீடு. உலகிலுள்ள வின்டோஸ் கணினிகள் அனைத்திலும் அது ஒன்றே. அடுத்து நிகழ்வுப் பதிவேட்டைத் திறக்கச் சொல்வார். சிவப்புக் குறிகள் வரிசையாய் நிற்கும். நல்ல கணினியிலும் அவை நிற்பது வழமை. 'நெற்ஸ்ராற்' என்று தட்டச் சொல்வார். 'அந்நிய முகவரி' என்ற தலைப்பின் கீழ் இலக்கங்கள் தோன்றும். அங்கே 'அந்நிய' என்பதற்கு மறுமுனைக் கணினி என்பதே பொருள். எதிரி என்று அவர் விளக்குவார்.

இதில் ஒரு கட்டளையும் பொய்யன்று. விடைகளும் பொய்யல்ல. உரை சொல்பவர் மட்டுமே பொய்யர். ஆங்கிலமோ பிரெஞ்சோ ஜேர்மனோ தட்டுத்தடுமாறிப் பேசும் ஒருவர், அதிகாரக் குரலுக்கு அஞ்சிப் பழகியவர், விசா விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர் இதனைக் கேட்டு நடுங்குவதில் வியப்பில்லை. இறுதியாகத் தொலைத் திரையைப் பகிரும் நிரலொன்றை நிறுவி, அது காட்டும் எண்ணைச் சொல்லுமாறு கேட்பார். சொன்னதும் கணினி அவர் கைக்குப் போய்விடும். திரையைக் கருமையாக்கிவிட்டு வங்கிப் பக்கத்தில் வேலைசெய்வதும், பக்கத்தின் இலக்கத்தைத் தற்காலிகமாக மாற்றிக் காட்டி 'தவறுதலாக அதிக பணம் போட்டுவிட்டோம், திருப்பித் தாருங்கள்' என்று அழுவதும் வழக்கமான நாடகங்கள். மைக்ரோசொப்ட் கேளாமல் எவரையும் தொலைபேசியில் அழைப்பதில்லை. அழைப்பைத் துண்டிப்பது மரியாதைக் குறைவாகாது.

ஏற்கெனவே சொல்லிவிட்டவர்கள் முதலில் கணினியின் வலையமைப்பு இணைப்பைத் துண்டிக்கவேண்டும். வேறொரு தொலைபேசியில் வங்கியின் அட்டையிலுள்ள இலக்கத்தை அழைக்கவேண்டும். வேறொரு கணினியிலிருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றவேண்டும். நிறுவிய நிரலை நீக்கும்வரை அக்கணினியை மீண்டும் இணைக்கலாகாது. அகதி வழக்கு ஆவணங்கள் அதில் இருந்திருப்பின் சட்டத்தரணிக்கும் அறிவிப்பது நன்று. ஊரிலுள்ளோரின் பெயர் முகவரிகள் எவர் கைக்குப் போயின என்பது பணத்தைவிடப் பெரிய விடயமாகலாம்.

கோப்பு வெளியே போவது மட்டுமன்று, உள்ளே வருவதும் உண்டு. 1990 களின் இறுதியில் 'நெற்பஸ்' என்னும் நிரல் பரவியிருந்தது. வட்டின் தட்டைத் தொலைவிலிருந்து திறந்துமூடி நண்பரைக் கேலிசெய்யவே இளைஞர் பலரும் அதனைப் பயன்படுத்தினர். 1999 இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்துச் சட்ட ஆய்வாளர் ஒருவரின் பணியிடக் கணினியில் சிறுவரை இழிவுபடுத்தும் படங்கள் ஆயிரக்கணக்கில் கண்டெடுக்கப்பட்டன. பதவியை இழந்தார், நாட்டையும் விட்டு வெளியேறினார். அக்கணினியில் நெற்பஸ் இருந்தது பின்னரே தெரியவந்தது. 2004 இலேதான் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவராகக் கண்டது. சட்டம் கற்ற ஒருவருக்கே ஐந்தாண்டு பிடித்ததெனில், மொழியும் வதிவிட உரிமையும் இல்லாத ஒருவரின் நிலை எவ்வாறிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கவேண்டியுள்ளது.

எமது இளைஞர்களுக்கும் ஒரு சொல். திறந்திருக்கும் பிறர் கணினியில் 'சும்மா பார்ப்பது' பல நாடுகளில் குற்றம். இங்கிலாந்தில் 1980 களின் நடுவில் பிரெஸ்ரெல் என்னும் சேவையில் நுழைந்து எடின்பரோ கோமகனின் அஞ்சற்பெட்டியையும் பார்த்த இருவரை 1988 இல் பிரபுக்கள் சபை விடுவித்தது, அன்று அதற்கென ஒரு சட்டம் இல்லாமையால். 1990 இல் சட்டம் வந்தது. குடியுரிமை விண்ணப்பத்தில் குற்றத் தீர்ப்புப் பற்றிய கேள்வி வரும்போது விளையாட்டுக்குச் செய்தேன் என்று எழுத முடியாது.

இவ்வளவும் கூறியது கட்டளைகளைக் கண்டு ஒதுங்குமாறு சொல்வதற்கல்ல. ஒருமுறை ஆவணங்களை இழந்த எம்மவர்க்கு இவற்றால் பெரும் நன்மை உண்டு. சம்பா எழுதிய அதே டிரிஜெல் 1996 இல் போல் மக்கெராசுடன் சேர்ந்து வெளியிட்ட 'ஆர்-சிங்க்' என்னும் கட்டளை இரு கணினிகளிலுள்ள கோப்புக்களை ஒப்பிட்டு, மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புகிறது. எஸ்.எஸ்.எச்.சின் மறைவிலே அது ஓடும். ஒரு குடும்பத்தின் ஆவணங்கள் ஒஸ்லோவிலும் அவற்றின் பிரதி லண்டனிலுள்ள தம்பியின் கணினியிலும் இரவுதோறும் தாமாகவே சரிசெய்யப்படும்படி அமைக்கலாம். வீட்டில் கணினி கற்கும் பிள்ளை ஒரு பின்னேரத்தில் செய்து தரும் வேலை. கடவுச்சொல் நுழைவை மூடிவிட்டுத் திறப்பை மட்டும் ஏற்கும்படி அமைக்கவேண்டும். திறப்புக் கோப்புக்கே ஒரு மறைசொல் இடவேண்டும். முதல் இணைப்பின்போது தம்பியைத் தொலைபேசியில் அழைத்துக் கைரேகைத் தொடரை வாசிக்கச் சொல்லி ஒப்பிடவேண்டும். வின்டோசின் கோப்புப் பகிர்வு வாயிலான 445 ஐயும் தொலைத்திரை வாயிலான 3389 ஐயும் இணையத்துக்கு நேரே திறந்துவைக்கக் கூடாது.

அமைத்தபின் இடையிடையே பார்த்துக்கொள்வதற்கும் கட்டளைகள் உண்டு. வின்டோசில் நிருவாகியாக நின்று 'நெற் செசன்' என்று தட்டினால் அவ்வேளையில் உங்கள் கோப்புக்களைப் பகிர்ந்துகொண்டிருக்கும் கணினிகளின் பெயர்கள் தோன்றும். லினக்சில் 'லாஸ்ற்' என்று தட்டினால் யார், எந்த முகவரியிலிருந்து, எந்த நாள், எத்தனை மணிக்கு நுழைந்து எப்போது வெளியேறினார் என்பது வரிவரியாக வரும். தம்பி நித்திரையாயிருந்த நேரத்தில் தம்பியின் பெயரில் ஒரு வரி இருந்தால், அந்தத் திறப்பை அன்றே நீக்கிவிட்டுப் புதியதொன்று செய்துகொள்ள வேண்டியதுதான்.